கிண்ணத்தை ஊதிப் பாருங்கள்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்த வாரம். பிள்ளை ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவழியாக வண்டியை எடுக்கிறோம். ஒரு மணி நேரத்தில், பக்கவாட்டில் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளை வீட்டுக்கு வருகிறது. பெட்டிக்குள் படபடவென்று சத்தம். கிளியைக் கூண்டில் விட்டதும் நாம் சொல்கிறோம்: "இங்க பாரு, இனிமே இது உன் பொறுப்பு. நீதான் பாத்துக்கணும்." பிள்ளை வேகமாகத் தலையாட்டுகிறது. நாம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அம்மாக்களே, அப்பாக்களே, உங்களோடு எனக்கு இருக்கும் சண்டை அங்கேதான் தொடங்குகிறது. பள்ளியிலிருந்து தண்ணீர் பாட்டிலைத் திரும்ப எடுத்துவரவே தினமும் நினைவூட்ட வேண்டிய வயது அது. டிபன் பாக்ஸைப் பையிலிருந்து எடுத்துப் போடு என்று இரண்டு முறை சொன்னால்தான் நடக்கிறது. அந்தக் கையில் ஓர் உயிரை முழுசாக ஒப்படைத்துவிட்டு, அதற்குப் பொறுப்பு கற்றுக்கொடுப்பது என்று பெயரும் வைத்துக்கொள்கிறோம். நம் சுமையை நம்மைவிடச் சின்னவர் தலையில் இறக்கிவைப்பது எப்படிக் கற்றுக்கொடுப்பது ஆகும்?

கோபமாகத்தான் எழுதுகிறேன். அந்தக் கோபம் முதலில் என் மேல். இதையே நானும் செய்தேன். அதில் ஓர் உயிர் போனது.

உமி

மூன்று வருடத்துக்கு முன்பு, மகனின் எட்டாவது பிறந்தநாளுக்கு ஒரு ஜோடி வாங்கினோம். நம் ஊரில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கிறார்களே, அதுதான். ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். மஞ்சளுக்கு மகன் 'மஞ்சு' என்று பெயர் வைத்தான். நீலத்தை நீலம் என்றே கூப்பிட்டான். கிண்ணத்தில் தினை போடுவது அவன் வேலை. சரியாகப் போட்டிருக்கிறானா என்று பார்ப்பது என் வேலை. சமையலறைக்குப் போகும் வழியில் தினமும் எட்டிப் பார்ப்பேன். கிண்ணம் நிறைந்திருக்கும். பத்தொன்பதாம் நாள் காலை நீலம் கூண்டின் தரையில் கிடந்தது. முந்தைய நாள் முழுக்க அது உடம்பை உப்பிக்கொண்டு, கண்ணை மூடியபடி மூலையில் உட்கார்ந்திருந்தது. தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என் அம்மா அப்போது ஊரிலிருந்து வந்திருந்தார். கூண்டிலிருந்த கிண்ணத்தை வெளியே எடுத்தார். புடைத்த தானியத்தை முறத்தில் ஊதுவதுபோல ஒரு ஊது ஊதினார். கிண்ணத்தில் இருந்ததெல்லாம் பறந்து போனது. அடியில் நாலைந்து மணி தினை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது தினை இல்லடி. உமி," என்றார்.

கிளி தினையை அப்படியே விழுங்குவதில்லை. அலகுக்குள் உருட்டி, தோலை உரித்து, உள்ளே இருப்பதை மட்டும் தின்றுவிட்டு, தோலை அதே கிண்ணத்தில் உதிர்த்துவிடும். மேலோட்டமாகப் பார்த்தால் கிண்ணம் நேற்றைப் போலவே இருக்கும். முப்பது, நாற்பது கிராம் எடையுள்ள உயிர் அது. ஓரிரு நாள் பட்டினியே அதற்கு எமன். கிண்ணத்தில் கொஞ்சநஞ்சம் இருந்ததை வலுவான மஞ்சு தின்றிருக்கிறது. நீலம், நிறைந்த கிண்ணத்தின் எதிரிலேயே பசியில் செத்துப்போனது. மகனைச் சொல்லி என்ன பயன்? கிண்ணம் நிறைந்திருக்கிறது என்று அவன் நம்பினான். நாற்பது வயதான நானும் அதையே நம்பினேன்.

நீலத்தைச் செய்தித்தாளில் சுற்றி, அன்று காலைக் குப்பையோடு கொடுத்துவிட்டேன். மகன் அழுதான். நம் எல்லோர் வாயிலும் தயாராக இருக்கும் வார்த்தையைத்தான் அவனிடம் சொன்னேன்: "அழாத கண்ணா. வேற வாங்கித் தரேன்."

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் மஞ்சு இரண்டு முறை தும்மியது. வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தவன் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டான்: "இதுவும் செத்துட்டா வேற வாங்கிக்கலாம்லம்மா?"

அவன் குரலில் கொஞ்சமும் கெட்ட எண்ணம் இல்லை. நான் சொல்லிக்கொடுத்த பாடத்தை அவன் ஒப்பித்தான், அவ்வளவுதான்.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. தெருவில் சாயம் போட்டு விற்ற கோழிக்குஞ்சை வாங்கிக் கொடுத்து, அது நாலு நாளில் செத்ததும் நாம் சொல்வது இதுதான். கண்ணாடிக் குடுவை மீன் மிதந்தபோதும் இதைத்தான் சொல்கிறோம். உயிர் என்றால் தீர்ந்தால் வேறு வாங்கிக்கொள்ளும் பொருள் என்று, ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் பரிசு கொடுத்தே பிள்ளைக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். பிராணிகள்மேல் பாசம் வரட்டும் என்று வாங்கியது, பாசத்தை மரத்துப்போக வைக்கிறது. இதற்குக் கிளி வாங்காமலே இருந்துவிடலாம்.

எந்தக் கிளி?

வாங்கியே தீருவது என்றால் முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். சிவந்த அலகும் கழுத்து வளையமுமாகத் தென்னையிலும் கோயில் கோபுரத்திலும் உட்கார்ந்து கத்துகிறதே பச்சைக்கிளி, அதை வீட்டில் வளர்ப்பது குற்றம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட பறவை. 2022இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. சிறையும் உண்டு, அபராதமும் உண்டு. "எங்க தாத்தா வீட்ல இருந்துச்சே", "ஜோசியக்காரர் வெச்சிருக்காரே" என்பதெல்லாம் பதில் ஆகாது.

சட்டத்தை ஒரு பக்கம் வையுங்கள். யாரோ ஒருவர் பைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு ரகசியமாக நீட்டும் அந்தக் குஞ்சு எங்கிருந்து வந்தது என்று யோசித்தீர்களா? மரப்பொந்துக்குள் கையை விட்டு, இறகு முளைக்காத குஞ்சுகளைத் தாயிடமிருந்து அள்ளி எடுத்துவருகிறார்கள். வழியிலேயே செத்தது போக மிஞ்சியதுதான் நம் கைக்கு வருகிறது. அதற்கு வண்ணத்தாள் சுற்றிப் பிள்ளைக்குப் பரிசு என்று கொடுக்க நமக்கு எப்படி மனசு வருகிறது? ஏற்கெனவே பச்சைக்கிளி வீட்டில் இருந்தால், ஜன்னலைத் திறந்து பறக்கவிட்டுப் புண்ணியம் தேடாதீர்கள். கையில் வளர்ந்த கிளிக்கு இரை தேடத் தெரியாது, காக்காய்க்குத் தப்பவும் தெரியாது. வனத்துறை அலுவலகத்தில் கொண்டுபோய் ஒப்படையுங்கள்.

பச்சைக்கிளிமேல்தான் பிள்ளைக்கு ஆசை என்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது. சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் தொழில் செய்துவந்த சேகர், 2004 சுனாமிக்குப் பிறகு தன் மொட்டை மாடியில் பலகை போட்டு, ஊறவைத்த அரிசியைப் பரப்பத் தொடங்கினார். நாளடைவில் ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகள் காலையும் மாலையும் அங்கே வந்து இறங்கின. ஒன்றுக்கும் கூண்டு இல்லை. ஆனால் அவை வரும் வேளைக்கு அவர் வீட்டில் இருந்தாக வேண்டியிருந்தது. உறவு என்றால் அதுதானே?

கடையில் தடையில்லாமல் வாங்கக்கூடியது பட்ஜி. 'லவ் பேர்ட்ஸ்' என்று நாம் அழைப்பது பெரும்பாலும் இதைத்தான். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறொரு பறவை. பட்ஜியின் பூர்வீகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. மழை பெய்த இடத்தில் புல் விதை இருக்கும் என்று பெருங்கூட்டமாகப் பறந்துகொண்டே இருக்கும் நாடோடி அது. ஜான் கூல்ட் என்ற பறவை ஆய்வாளர் 1840இல் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அப்போதிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்கிறது. ஆகவே எந்தக் காட்டிலிருந்தும் திருடியது என்ற உறுத்தல் வேண்டாம். இறகின் நிறத்தைத்தான் மனிதர்கள் மாற்றினார்கள். நெஞ்சுக்குள் இருக்கும் பயம் மாறவில்லை. மேலேயிருந்து இறங்குகிற எதுவும் அதற்கு இன்றைக்கும் பருந்துதான். உங்கள் பிள்ளையின் கையும் அதில் சேர்த்தி.

வாங்கும்போது இளங்குஞ்சாகப் பாருங்கள். நெற்றியில் மூக்குவரை வரிவரியாகக் கோடு இருந்தால், கண் வெள்ளை வளையம் இல்லாமல் முழுக் கறுப்பாக இருந்தால், வயது சில வாரம்தான். மஞ்சுவைப் போன்ற சில நிறங்களில் இந்த அடையாளம் தெரியாது; கடைக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. ஜோடியாக வாங்கினால் இரண்டும் ஒன்றோடொன்று பழகும்; உங்களிடம் வர நாளாகும். தனியாக வாங்கினால், அந்தக் கிளிக்கு இனி நீங்கள்தான் கூட்டம். தினமும் சில மணி நேரம் அதற்கு யாராவது துணை இருந்தாக வேண்டும். காலையில் எல்லோரும் பூட்டிக்கொண்டு போய் ராத்திரி திரும்பும் வீட்டுக்கு ஒற்றைக் கிளி வேண்டவே வேண்டாம்.

வீட்டை ஒருமுறை கிளியின் கண்ணால் பாருங்கள்

கோபுர வடிவத்தில், வட்டமாக, அழகாக ஒரு கூண்டு வாங்குவீர்கள். கிளி மேலும் கீழுமாகவா பறக்கிறது? குறுக்காகத்தானே பறக்கிறது. அதற்கு வேண்டியது அகலம். ஒரு ஜோடிக்கு இரண்டரை அடிக்குக் குறையாத நீளச்சதுரக் கூண்டு வாங்குங்கள். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போனால் தலை மாட்டிக்கொள்ளும். கூண்டை நம் கண் மட்டத்துக்கு, ஒரு பக்கம் சுவரை ஒட்டி வையுங்கள். முதுகுப் பக்கம் யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்தால்தான் அது நிம்மதியாக உட்காரும். பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிட்டு வேப்பங்குச்சி, கொய்யாக் குச்சி என்று தடிமனும் மெலிசுமாகக் கட்டுங்கள். இரவு பகலாக நின்றுகொண்டே வாழும் பறவை அது. வழவழப்பான ஒரே அளவுக் குச்சியில் நின்றால் பாதத்தில் புண் வரும்.

அண்ணாந்து பாருங்கள். மின்விசிறி. நம் வீடுகளில் கிளிக்கு அதைப்போல எதிரி வேறில்லை. கூண்டைத் திறப்பதற்கு முன் விசிறியை அணைத்து, அது முழுசாக நின்றபின் கதவைத் திறக்க வேண்டும். பால்கனிக் கதவு, ஜன்னல், முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாவற்றையும் மூடவேண்டும். இதைப் பிள்ளையின் நினைவுக்கு விடாதீர்கள். சுவிட்ச் பக்கத்தில் நிற்க வேண்டியவர் நீங்கள். விசிறிக்குப் பயந்து றெக்கையை வெட்டிவிடலாம் என்று கடையில் சொல்வார்கள். விசிறியை அணைக்க நமக்குச் சோம்பல் என்பதற்காக ஒரு பறவை பறக்காமல் இருக்க வேண்டுமா?

அடுத்தது மூச்சு. பறவையின் உடம்பில் நுரையீரலோடு காற்றுப் பைகளும் உண்டு. இழுக்கும் காற்றை நம்மைவிட வெகு வேகமாக உள்வாங்கிக்கொள்ளும் உடம்பு அது. கொசுவத்திச் சுருள், வெள்ளிக்கிழமை சாம்பிராணி, ஊதுபத்தி, தாளிப்புக் கமறல் எல்லாம் நமக்கு வெறும் இருமல், அதற்கு விஷம். அடுப்பில் மறந்துவிட்ட நான்ஸ்டிக் தவா அளவுக்கு மீறிச் சூடானால் வெளியாகும் ஆவி, சில நிமிடங்களில் கிளியைக் கொன்றுவிடும். ஆகவே சமையலறையிலும் பூஜை அறை வாசலிலும் கூண்டு கூடாது. வெயில் அடிக்கும் பால்கனியிலும் கூடாது. அங்கே காக்காயும் பூனையும் வரும்.

சாப்பாடு என்றால் தினை மட்டும் என்று நினைத்துவிட்டோம். தினை, சாமை, கம்பு எல்லாம் வேண்டும்தான். ஆனால் தானியமே கதியென்று வளரும் கிளிக்குக் கொழுப்பு ஏறும், வைட்டமின் ஏ குறையும். தினமும் கழுவிய கொத்தமல்லியோ அரைக்கீரையோ முருங்கைக்கீரையோ ஒரு கொத்து, துருவிய கேரட் கொஞ்சம் வையுங்கள். முதல் வாரம் தொடாது. தொடவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள். நம் பிள்ளைக்குக் கீரை ஊட்டிய பொறுமை இதற்கும் வேண்டும். கால்சியத்துக்குக் கணவாய் ஓட்டை ஒரு பக்கம் செருகிவையுங்கள். வெண்ணெய்ப்பழம், சாக்லேட், காபி, வெங்காயம், உப்புப் பண்டம் எதுவும் கூடாது. "ஒரு துண்டு முறுக்குதானே" என்று நீட்டும் விருந்தாளியின் கையைக் கூச்சப்படாமல் தடுங்கள்.

கிளிக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும். ஹாலில் பதினொரு மணிவரை சீரியலும் கிரிக்கெட்டும் ஓட, அந்த வெளிச்சத்தில் அது விழித்துக்கொண்டே இருக்கிறது. காலையில் அது கடித்தால் 'திமிர் பிடித்த கிளி' என்கிறோம். ராத்திரி எட்டு மணிக்கு அமைதியான அறைக்குக் கூண்டை மாற்றி, பழைய வேட்டியைக் காற்று போகும்படி போர்த்துங்கள். தீபாவளி ராத்திரி சின்ன விளக்கு ஒன்றை எரியவிட்டுப் பக்கத்திலேயே இருங்கள். இருட்டில் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு கம்பியில் மோதிக்கொள்ளும்.

எப்போது பேசும்?

கிளி வந்த மறுநாளே நாம் கேட்கும் கேள்வி இது. கலிஃபோர்னியாவில் பக் என்ற பட்ஜிக்கு 1,728 சொற்கள் தெரிந்திருந்ததாக 1995இல் கின்னஸ் புத்தகம் பதிவு செய்தது. நம் கிளி ஒரு சொல்கூடச் சொல்லாமல் போகலாம். அதற்காக அது சரியாக வளராத கிளி ஆகிவிடாது. அது பேசுவதற்கு முன் நம்மை நம்ப வேண்டும். அதற்கு நாம் நேரம் கொடுக்க வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் இடது கையில் இருக்கும் கிளியைப் பார்த்திருப்பீர்கள். இலைகளால் உடம்பு, மாதுளம்பூவால் அலகு. ஒவ்வொரு நாளும் புதிதாக, ஒருவர் உட்கார்ந்து மணிக்கணக்கில் அதைச் செய்கிறார். நேற்றைய கிளி இன்றைக்கு ஆகாது. இலைக்கிளிக்கே தினமும் அவ்வளவு நேரம் கொடுக்கும் ஊர் இது. கூண்டில் மூச்சு விடும் கிளிக்கு நாம் கொடுத்தது எவ்வளவு என்று என்னையே கேட்டுக்கொண்டேன். சமையலறைக்குப் போகும் வழியில் இரண்டு விநாடி.

மஞ்சுவோடு முதலிலிருந்து தொடங்கினோம். முதல் மூன்று நாள் சாப்பாடும் தண்ணீரும் மாற்றியதோடு சரி. கூண்டைத் தட்டவில்லை, விசிலடிக்கவில்லை, யாருக்கும் காட்டவில்லை. நாலாம் நாளிலிருந்து மகன் கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தமிழ்ப் பாடத்தை வாய்விட்டுப் படித்தான். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்தேன். மஞ்சு முதலில் எதிர்மூலையில் ஒடுங்கி நின்றது. கழுத்து நீண்டு, இறகெல்லாம் உடம்போடு ஒட்டி, குச்சிபோல இருந்தது. அது பயத்தின் தோற்றம். ஒரு வாரத்தில் நடுக்குச்சிக்கு வந்தது. பத்தாம் நாள், அவன் படித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு காலைத் தூக்கி இறகுக்குள் செருகிக்கொண்டு, அலகைக் கரகரவென்று அரைத்தது. மகன் பயந்துபோய் என்னைப் பார்த்தான். அது தூக்கம் வரும்போது எழுப்பும் சத்தம். 'நீ இருக்கும்போது நான் தூங்கலாம்' என்று அர்த்தம்.

பிறகுதான் கை. முதலில் கூண்டுக்கு வெளியே கம்பியை ஒட்டிச் சும்மா வைத்திருப்பது. பிறகு தினைக்கதிரைப் பிடித்தபடி கையை மெல்ல உள்ளே கொண்டுபோய் அசையாமல் இருப்பது. காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். எட்டு வயதுக் கைக்கு அசையாமல் இருப்பதைவிடக் கஷ்டமான வேலை இல்லை. கை தளரும்போது அவன் முழங்கைக்குக் கீழே என் கையைக் கொடுத்துத் தாங்கினேன். நாம் உட்கார வேண்டிய இடம் அதுதான், பெற்றோரே. பிள்ளையின் கைக்குக் கீழே.

இருபத்தாறாம் நாள் சாயங்காலம் மஞ்சு கதிரின் நுனியைக் கொத்தியது. இன்னும் கொஞ்சம் உள்ளே எட்ட முடியவில்லை. ஒரு காலை எடுத்து அவன் ஆள்காட்டி விரலில் வைத்தது. மறுபடி எடுத்துக்கொண்டது. பிறகு இரண்டு காலையும் வைத்தது. முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல், பொம்மைக் கிடுக்கிபோல. எடை என்று பார்த்தால் நாலைந்து பத்து ரூபாய் நாணயம். மகன் மூச்சை அடக்கிக்கொண்டு, உதடு மட்டும் அசைய, "அம்மா, கால் சூடா இருக்கு," என்றான். நம்மைவிட வெப்பம் கூடிய உடம்பு அது. நிமிடத்துக்கு முன்னூறு தடவைக்கு மேல் துடிக்கும் இதயம். அதை அவன் எந்தப் பாடப் புத்தகத்திலும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

இதற்குள் நாம் செய்யும் அவசரங்கள்தான் எத்தனை! உறவினர் வந்தால் துண்டைப் போட்டு அமுக்கிப் பிடித்து வெளியே எடுக்கிறோம். பிள்ளை ஆசையில் இறுக்கிப் பிடித்தால் போட்டோ எடுக்கிறோம். பறவைக்கு நம்மைப்போல உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் அதற்கு மூச்சு. நெஞ்சைச் சுற்றி இறுக்கினால் மூக்கு திறந்திருந்தாலும் அது மூச்சுத் திணறிச் செத்துப்போகும். ஆறு, ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளை கிளியைக் கையால் பிடிக்கவே வேண்டாம்; விரலில் வந்து உட்காரட்டும், போதும். கூண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், எச்சம் விழுந்த தாளைத் தினமும் மாற்றுவதும் கட்டாயம். கிளியிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் நுரையீரல் காய்ச்சல் ஒன்று உண்டு. வீட்டில் மூச்சிரைப்பு உள்ளவர் இருந்தால், வாங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாள் பார்த்து வராத நோய்

கூட்டத்தில் பறக்கும் பறவை நோவைக் காட்டிக்கொண்டால் பருந்து முதலில் அதைத்தான் தூக்கும். அதனால் முடிந்த மட்டும் மறைக்கும். நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும். இறகை உப்பிக்கொண்டு பகலில் உட்கார்ந்திருப்பது, தரையில் இறங்கி நிற்பது, மூச்சுக்கு மூச்சு வால் ஏறி இறங்குவது, எச்சத்தின் நிறம் மாறுவது, இதில் எதைப் பார்த்தாலும் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று சொல்லாதீர்கள். நீலத்தின் கடைசி நாளை நான் தூக்கம் என்று நினைத்தேன். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள்; கண்ணுக்குத் தெரியாததைத் தராசு சொல்லும். நாய், பூனை பார்க்கும் எல்லா மருத்துவரும் பறவை பார்ப்பதில்லை. சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற ஊர்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் பறவை பார்க்கும் மருத்துவர் யார் என்பதைக் கிளி வாங்குவதற்கு முன்பே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றாகப் பார்த்துக்கொண்டால் பட்ஜி ஐந்து முதல் பத்து வருடம், சில சமயம் அதற்கு மேலும் இருக்கும். மூன்றாம் வகுப்பில் வாங்கிய கிளி, பிள்ளை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதும்போதும் கூண்டில் கத்திக்கொண்டிருக்கும். அப்போது "படிப்பு கெடுது, யாருக்காவது குடுத்துடு" என்று சொல்லப்போகிறவர் நீங்கள் என்றால், இன்றைக்கே வாங்காதீர்கள். பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போகும்போது மூன்று கிண்ணம் தினையை நிரப்பி வைத்துவிட்டு ரயில் ஏறப்போகிறவர் என்றால், வாங்கவே வாங்காதீர்கள். அந்த மூன்று கிண்ணத்திலும் என்ன மிஞ்சும் என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

'இதுவும் செத்துட்டா' என்று மகன் கேட்ட அந்த இரவு, அவனை உட்கார வைத்துச் சொன்னேன். "நீலம் செத்ததுக்கு நீ காரணம் இல்ல. நான் சரியா பாக்கல. வேற வாங்கித் தரேன்னு சொன்னதும் தப்பு. வேற வாங்கினா அது வேற கிளிதான். நீலம் இல்ல." அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நீலத்த எங்கம்மா போட்ட?" என்று கேட்டான். உண்மையைச் சொன்னேன். நீலம் செத்த அன்று அழாமல் விட்ட மிச்சத்தை அந்த இரவு அழுதான். நானும் சேர்ந்து அழுதேன். அந்த அழுகையைத்தான் நான் இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வார்த்தையால் அடைத்திருந்தேன். உங்கள் வீட்டில் ஒரு கிளி செத்தால் பிள்ளையை அழவிடுங்கள். கூடவே மண்ணைத் தோண்டிப் புதையுங்கள். தொட்டி மண் என்றாலும் சரி. அடுத்ததைப் பற்றி அன்றைக்குப் பேசாதீர்கள்.

மஞ்சுவுக்கு இப்போது ஒரு துணை இருக்கிறது. அதையும் மகன் கேட்டு ஆறு மாதம் கழித்தே வாங்கினோம். தொற்று எதுவும் வந்துவிடக் கூடாது என்று ஒரு மாதம் வேறு அறையில் வைத்திருந்து, பிறகே சேர்த்தோம். காலை ஆறு மணிக்கு மகன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போகிறான். உமியை ஊதுகிறான். அடியில் இருப்பதைப் பார்க்கிறான். தினையைப் போட்டுவிட்டு என்னிடம் கொண்டுவந்து நீட்டுகிறான். நான் ஒரு தடவை விரலை விட்டுக் கிளறிப் பார்க்கிறேன். அவனுக்குப் பதினொரு வயதாகிவிட்டது, தவறே செய்வதில்லை. ஆனாலும் பார்க்கிறேன். கிளி எங்கள் இருவருடையது என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் வீட்டில் கூண்டு இருக்கிறதா? நாளைக் காலை பிள்ளை எழுவதற்கு முன் போய் அந்தக் கிண்ணத்தை வெளியே எடுங்கள். நிறைந்திருக்கிறது என்று கண் சொல்லும். நம்பாதீர்கள். ஒருமுறை ஊதிப் பாருங்கள்.